கறளுக்கு வருஷம் ஒரு எண்ணெய்க் குளிப்பு

போன நவம்பரில் விண்ரர் ரயர் மாற்றப் போயிருந்தேன். ஹொயிஸ்ட்டில் ஏறி நின்ற என் டொயோட்டா கொரொல்லாவின் வயிற்றுக்கு ரோச் அடித்துப் பார்த்த பெடியன், "அண்ணை, கறளைப் பெரிசாக் காணேல்லை, இது இங்கத்தைக் காரோ? வன்கூவர் பக்கமிருந்து கொண்டுவந்ததோ?" என்று கேட்டான்.

2007 ஆம் ஆண்டுக் கார். இதே ஒன்ராரியோவில், கேம்பிரிஜ் தொழிற்சாலையில் செய்தது. சேசி இலக்கம் 2 இல் தொடங்கினால் கனடாவில் செய்த கார் என்று அர்த்தம். இதன் இலக்கம் அப்படித்தான் தொடங்குகிறது. நான் 2012 வசந்தத்தில் வாங்கினேன். அதற்குப் பிறகு ஒரு விண்ரரைக்கூட இது ஸ்காபரோவுக்கு வெளியே கழிக்கவில்லை. 3 லட்சத்து 18 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. பெடியன் நம்பினானோ தெரியாது. கீழே கையை வைத்துப் பார்த்துவிட்டு, விரலில் ஒட்டிய கறுப்புப் பசையை மணந்து பார்த்தான்.

அந்தப் பசைக்குத்தான் இந்த விமர்சனம்: கறள், அதாவது துரு, பிடிக்காமல் வருஷா வருஷம் காரின் கீழே அடிக்கிற ஒயில் ஸ்பிறேக்கு. பழைய கார் வைத்திருக்கிற சொந்தக்காரர் நாலைந்து பேர் ஒவ்வொரு ஒக்டோபரிலும் தொலைபேசியில் இதையே கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாம். நான் போன கடைகளின் பெயரை எழுதப் போவதில்லை. கறள் தடுக்கிற கடைகளில் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நூறு கிளை இருக்கும், ஒவ்வொரு கிளையிலும் குழாயைப் பிடிக்கிற கை வேறு. பெயரைச் சொல்லி ஒருவருக்கும் பிரயோசனமில்லை.

முதலில், செத்துப்போன காரின் கதை. கொரொல்லாவுக்கு முன் ஒரு 1998 ஆம் ஆண்டுக் கார் வைத்திருந்தேன். வாங்கும்போது விற்றவர் பெருமையாகச் சொன்னார்: "கீழ முழுக்க அண்டர்கோட்டிங் அடிச்சிருக்கு." குனிந்து பார்த்தேன். தார் போட்ட ரோட்டு மாதிரிக் கறுப்பாக, தடிப்பாக, வடிவாகத்தான் இருந்தது. நாலாவது வருஷம் ஒரு சில்லுக் காற்றுப் போய், வீட்டு வாசலில் ஜாக் வைத்துத் தூக்கினேன். கார் எழும்பவில்லை. ஜாக் மட்டும் எழும்பியது. கதவுக்குக் கீழே, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவே பெட்டி மாதிரி ஓடுகிற தகரத்தை இங்கே ரொக்கர் என்பார்கள். அதற்குள் ஜாக் பிஸ்கட்டுக்குள் விரல் போனதுபோலப் போய் நின்றது. தாரை உரித்துப் பார்த்தால், உள்ளே தகரம் இல்லை. செம்மண் நிறத்தில் தூள்தான் கொட்டியது.

தார்ப் பூச்சின் சங்கதி இதுதான். புதிதாக இருக்கும்போது நல்லது. காய்ந்து, குளிரில் சுருங்கி, கல்லடி பட்டு எங்கேயோ ஒரு மயிரளவு வெடிக்கும். அந்த வெடிப்பால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. பூச்சுக்கும் தகரத்துக்கும் நடுவில் நின்று நிதானமாகத் தின்னும். வெளியே பார்க்கிறவருக்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும். அந்தக் கார் சேஃப்டி (ரோட்டில் ஓடத் தகுதி என்ற சான்றிதழ்) எடுக்க முடியாமல் பழைய இரும்புக்குப் போனது. ரொக்கரிலோ தரையிலோ ஓட்டை இருந்தால் ஒன்ராரியோவில் சேஃப்டி கிடைக்காது. புகைக்குழாயில் வருகிற நஞ்சுக்காற்று அந்த ஓட்டையால் உள்ளே வந்துவிடும், மோதினால் ரொக்கர் தாங்காது. சட்டம் சரிதான். என் பணம்தான் போனது.

நான் பருத்தித்துறை ஆள். கறள் எனக்குப் புதிதில்லை. கடற்காற்றில் யன்னல் கம்பி, சைக்கிள் ரிம், கிணற்றுக் கப்பி எல்லாம் கண்முன்னாலேயே சிவந்து போகிற ஊர். ஐயாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ நாற்பது இருந்தது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில், நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் எல்லாப் பழைய காரும் அப்படித்தான் புகைத்துக்கொண்டு திரிந்தன. மாரி தொடங்க முன்னர் ஐயா ஒரு நாள் குறித்து, கழித்த எஞ்சின் ஒயிலைப் பழைய பெயின்ற் தூரிகையால் காரின் கீழே பூசுவார். நான் போத்தல் பிடிப்பேன். எஞ்சின் செத்தாலும் தகரம் சாகக்கூடாது, எஞ்சினை மாற்றலாம் என்பது அவருடைய கணக்கு. கனடா வந்து பதினைந்து வருஷம், ஒரு கார் பறிபோகும் வரைக்கும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஆனால் பருத்தித்துறைக் காற்று வேறு, இந்த ரோட்டு உப்பு வேறு. காற்றில் வருவது தூவானம். இங்கே தட்டித் தட்டி ஊற்றுகிறார்கள். ஹியூரன் ஏரிக்குக் கீழே, ஏறக்குறைய 1,800 அடி ஆழத்தில், கொட்ரிச் என்ற ஊரில் உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. 1959 இல் தொடங்கியது. நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகிலேயே அதுதான் பெரிதாம். ஸ்காபரோவிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஏரிக்கு அடியில் லொறி ஓடி உப்பு வெட்டுகிறார்கள் என்பதே ஒரு அதிசயம். வெட்டுவதில் கணிசமானது ரோட்டுக்குத்தான். கனடாவில் வருஷத்துக்கு ஐம்பது லட்சம் தொன் அளவில் உப்பு ரோட்டில் கொட்டப்படுவதாக 2001 இல் அரசாங்கமே கணக்குச் சொன்னது. சூழலுக்குக் கேடு என்று சொல்லவும்தான் அந்த அறிக்கை வந்தது. அதற்குப் பிறகும் கொட்டுகிறார்கள். கொட்டாவிட்டால் நாலு-ஓ-ஒன்று நெடுஞ்சாலையில் ஒருவரும் உயிரோடு வேலைக்குப் போய்ச் சேர முடியாது.

உப்பு நேரே இரும்பைத் தின்பதில்லை. கறளுக்குத் தண்ணீரும் காற்றும் போதும். உப்புக் கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாக ஓடும் என்பதால் அதே வேலை பல மடங்கு வேகமாக நடக்கிறது. இன்னொன்று, குளிர் மைனஸ் பத்துப் பாகையைத் தாண்டினால் சாதாரண உப்பு சோம்பிவிடும். அப்போது கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் கலந்த திரவத்தைத் தெளிப்பார்கள். கல்சியம் குளோரைட் காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ரோடு காய்ந்துபோய் இருக்கும், உங்கள் காரின் கீழ்ப்பக்கம் ஈரமாகவே இருக்கும்.

இதில் பலர் செய்கிற பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பாசத்தில், உப்புச் சேறோடு வந்த காரைச் சூடாக்கிய கராஜுக்குள் விடுவது. உறைந்து கிடக்கிற உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. சூட்டில் உருகிச் சொட்டத் தொடங்கும்போதுதான் கறள் விழித்துக்கொள்கிறது. வெளியே, குளிரில் நிற்கிற கார் உண்மையில் அதிர்ஷ்டம் செய்த கார். எங்கள் அத்தான் இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய காருக்குக் கராஜில் ஹீற்றர் இருக்கிறது.

கொரொல்லா வாங்கிய இடத்தில் ஒரு பெட்டி விற்கப் பார்த்தார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. பற்றரியில் கொழுவிவிட்டால் கார் முழுக்க மெல்லிய மின்சாரம் ஓடிக் கறளைத் தடுக்குமாம். 700 டொலர். விற்பனையாளர் கப்பலைக் காட்டினார்: "கப்பலுக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் இதைத்தான் செய்கிறார்கள்." அது உண்மைதான். ஆனால் கப்பல் கடலுக்குள் கிடக்கிறது, குழாய் ஈரமண்ணுக்குள் கிடக்கிறது. மின்சாரம் போய்த் திரும்பிவரச் சுற்றிவர ஒரு ஊடகம் இருக்கிறது. கார் காற்றில் நிற்கிறது. அங்கங்கே ஒட்டியிருக்கிற நாலு சொட்டு உப்புத் தண்ணீரை நம்பி அந்தச் சுற்று முழுமையாகாது. 1990களில் அமெரிக்காவில் இப்படியொரு பெட்டி விற்ற நிறுவனத்தின் மேல் அங்கத்தைய மத்திய வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. நான் வாங்கவில்லை. வாங்கிய ஒரு நண்பரின் காரில் பெட்டியின் பச்சை விளக்கு இன்றைக்கும் எரிகிறது. பின் சில்லின் வளைவு மட்டும் இல்லை.

சரி, ஒயில் ஸ்பிறேக்கு வருவோம்.

முதல் இரண்டு வருஷம், 2012, 2013, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடைக்குப் போனேன். 110 டொலர். காரைக் கொடுத்துக் கோப்பி வாங்கிவர முதலே "முடிந்தது" என்றார்கள். பன்னிரண்டு நிமிஷம். கீழே பார்த்தால் எல்லா இடமும் பளபளவென்று ஒயில். எனக்கும் திருப்தி. 2014 கோடையில் கழுவும்போது பின் இடது சில்லின் வளைவில், பெயின்ற்றுக்குக் கீழே ஒரு கொப்புளம். சின்ன உழுந்து அளவு. அழுத்தினேன், உடைந்தது. உள்ளேயிருந்து சிவப்புத் தண்ணீர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் அடித்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடம். கறள் பிடிப்பதோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ரொக்கர் பெட்டியின் உள்பக்கம், கதவின் அடிவிளிம்பில் தகரத்தை மடித்து ஒட்டியிருக்கிற மடிப்பு, பின் வளைவில் உள்தகரமும் வெளித்தகரமும் சந்திக்கிற உதடு, டிக்கியில் ஸ்பெயார் சில்லு கிடக்கிற குழி. இந்த இடங்களில் வெளியிலிருந்து எவ்வளவு அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. கார் உள்ளிருந்து வெளியேதான் உக்கும். கொப்புளம் வெளியே தெரிகிறதென்றால் உள்ளே திருவிழா முடிந்துவிட்டது.

கடைக்காரரிடம் கேட்டேன். உத்தரவாதத் தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். ஏற்கனவே கறள் தொடங்கிய வாகனங்களுக்குப் பொருந்தாதாம். கார் வாங்கும்போதே தொடங்கியிருக்கும் என்றார். இருக்கலாம், இல்லையென்று என்னால் நிரூபிக்க ஏலாது. அதோடு அந்தக் கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது கடை வேலையிடத்தில் ஒருவர் சொன்னது. தொழிற்பேட்டைக்குள், ஒரு கண்ணாடிக் கடைக்குப் பின்னால், பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியாது. வயதான போர்த்துக்கேயர் ஒருவரும் அவருடைய மகனும். போன உடனே என்னைத் திருப்பி அனுப்பினார். "கார் ஈரம். நேற்று மழை. இரண்டு நாள் ஓடிக் காயவைத்துவிட்டு வா." ஒரு கடைக்காரர் வந்த காசைத் திருப்பி அனுப்பினால் அவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. பதினொரு வருஷமாக அவரிடம்தான் போகிறேன்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க விடுவார். அதனால் இதைக் கண்ணால் கண்டு எழுதுகிறேன். முதலில் ஹொயிஸ்ட்டில் ஏற்றி, கீழே இருக்கிற பிளாஸ்ரிக் மறைப்புகளைக் கழற்றுவார். முதற் கடையில் அந்த மறைப்புகளுக்கு மேலேயே அடித்திருந்தார்கள். பிளாஸ்ரிக்குக் கறள் பிடிக்காதென்று அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. பிறகு ஒரு மெல்லிய கம்பியால் தண்ணீர் வடிகிற ஓட்டைகளைக் குத்தி எடுப்பார். ஒவ்வொரு கதவின் அடியிலும், ரொக்கரின் அடியிலும் இந்த ஓட்டைகள் இருக்கின்றன. சருகும் மண்ணும் அடைத்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் குளம் கட்டும். முதல் தடவை என் வலது பின் கதவிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றியது. மேப்பிள் விதை இரண்டும் கூடவே விழுந்தன.

அப்புறம் நீளமான வளையும் குழாய். அதன் நுனியில் பக்கவாட்டாகச் சுற்றிவர அடிக்கிற மூக்கு. கார்க் கம்பனி விட்டிருக்கிற ஓட்டைகளாலேயே ரொக்கருக்குள் அந்தக் குழாயைக் கடைசி வரை விட்டு, அடித்துக்கொண்டே மெதுவாக இழுப்பார். மெதுவாக இழுப்பதுதான் அந்த வேலையின் முழு ரகசியமும். வேகமாக இழுத்தால் அங்கங்கே தவறிவிடும். கம்பனி ஓட்டை இல்லாத இடத்தில் சின்னத் துளை போட்டுப் பிறகு பிளாஸ்ரிக் மூடி போடுவார். துளை போடும் முன் என்னிடம் கேட்டார். துளை போட்ட விளிம்பிலேயே கறள் தொடங்கலாம் என்பது சிலருடைய பயம். ஒயில் அந்த விளிம்பையும் நனைத்துவிடும், மூடியைத் தொலைக்காமல் இருந்தால் போதும் என்றார். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. கதவு, பொனற், டிக்கி மூடி எல்லாவற்றின் மடிப்புக்கும் தனித்தனியாக அடிப்பார். பிரேக் தட்டு, பெல்ற், சூடான புகைக்குழாய் ஆகிய மூன்றையும் மறைத்துவிடுவார். முழு வேலைக்கும் ஒன்றேகால் மணி நேரம். போன வருஷம் வரியோடு 185 டொலர் எடுத்தார்.

ஒயில் மெல்லியது, மண்ணெண்ணெயை விடச் சற்றுத் தடிப்பு. அது ஊர்ந்து மடிப்புகளுக்குள் போகும், அங்கே நிற்கிற ஈரத்தையும் தள்ளும். தார் செய்ய முடியாததை இது செய்கிறது. காயாது, அதனால் வெடிக்கவும் மாட்டாது. ஆனால் அதே காரணத்தால் கழுவுப்பட்டும் போகும். வருஷா வருஷம் அடிக்கத்தான் வேண்டும். ஒரு வருஷம் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு, ஒரு வருஷம் பல் தீட்டாமல் விட்டுப் பாருங்கள் என்பதுதான் அந்த மனிதரின் பதில்.

இனிக் குறைகள். சொட்டும். அடித்த இரண்டு மூன்று நாளைக்கு வடிகால் ஓட்டைகளால் சொட்டிக்கொண்டே இருக்கும். முதல் வருஷம் எங்கள் வாசலில் புதிதாகப் பதித்த கல்லில் பன்னிரண்டு கறை. மனைவி அந்தக் கறைகளை எண்ணித்தான் எனக்குச் சொன்னாள். அன்றிலிருந்து குளிர்சாதனப்பெட்டி வந்த பெரிய மட்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன். மணமும் இருக்கும். ஹீற்றர் போட்டால் ஒரு கிழமைக்கு கராஜ் மணம் உள்ளே வரும். சனிக்கிழமை அடித்து ஞாயிறு கல்யாண வீட்டுக்குப் போகிற திட்டம் வேண்டாம். பட்டுச் சேலை கதவு விளிம்பில் பட்டால் பிறகு உங்கள் வீட்டில் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

எல்லாவற்றையும் இது காப்பாற்றவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். சைலன்ஸரை இரண்டு தரம் மாற்றியாயிற்று. அந்தச் சூட்டில் ஒயில் நிற்காது. அதைச் சுற்றியிருக்கிற வெப்பத் தகடுகள் கறளில் கழன்று கிலுகிலுவென்று சத்தம் போட்டன, வெட்டி எறிந்தோம். அந்தப் பின் இடது வளைவுக் கொப்புளத்தை வெட்டி, ஒட்டு வேலை செய்து, பெயின்ற் அடிக்க 600 டொலர் போனது. இரண்டாவது கடைக்காரர் அப்போதே சொன்னார், தொடங்கிய கறளை ஒயில் நிறுத்தாது, நடையைத்தான் குறைக்கும் என்று. சரியாகத்தான் சொன்னார். வெட்டி ஒட்டாமல் விட்டிருந்த வலது பக்கத்தில் இருந்த சின்னப் புள்ளி பதினொரு வருஷத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குத்தான் வளர்ந்திருக்கிறது.

பெரிய பயம் தந்தது 2019 மார்ச்சில். சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தேன், கால் தரைவரைக்கும் போனது. கைப்பிரேக்கை இழுத்து ஒருமாதிரி நிறுத்தினேன். பின்பக்கம் போகிற இரும்புப் பிரேக் பைப், எரிபொருள் தாங்கிக்கு மேலே, ஒருவர் கையும் எட்டாத இடத்தில் உக்கி உடைந்திருந்தது. ஒயிலும் அங்கே எட்டியிருக்கவில்லை. செம்புநிக்கல் கலவைப் பைப் போட்டுவிட்டார்கள். அதற்குக் கறள் பிடிக்காது. உங்கள் காருக்குப் பத்து வயது தாண்டியிருந்தால், ஒயில் ஸ்பிறேயைப் பற்றி யோசிக்க முதல் ஒரு மெக்கானிக்கிடம் பிரேக் பைப்பைக் காட்டுங்கள். மற்றதெல்லாம் அழகு, அது உயிர்.

அந்த வருஷத்திலிருந்துதான் நானே கொஞ்சம் செய்யத் தொடங்கினேன். லனோலின் என்று ஒன்று, செம்மறியாட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கிற கொழுப்பு. ஆட்டின் மயிரை மழையிலிருந்து காக்கிற அதே சாமான். பேணியில் அடைத்த ஸ்பிறேயாகக் கிடைக்கிறது. ஒயிலை விடத் தடிப்பு, ஒட்டிக்கொண்டு நிற்கும். சில்லுகள் தண்ணீரை நேரே வீசுகிற இடங்களில் மெல்லிய ஒயில் ஜனவரிக்குள் போய்விடும், இது பங்குனி வரைக்கும் பிடித்து நிற்கிறது. அதனால் உள்ளறைகளுக்குக் கடைக்காரரின் ஒயில், வெளியே அடிபடுகிற சப்ஃபிரேம், சஸ்பென்ஷன் கை, பைப் பிடிகளுக்கு என் ஆட்டுக்கொழுப்பு என்று பிரித்துக்கொண்டோம். வருஷத்துக்கு இரண்டு பேணி. சரிவுப் பலகையில் ஏற்றி, கட்டை வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே ஒருபோதும் படுக்க வேண்டாம், என் முதற் காரின் ரொக்கர் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேணியில் எண்ணெய் தாங்காத ரப்பரில் படக்கூடாதென்று எழுதியிருக்கிறது. நான் வாசிக்கவில்லை. முன் சஸ்பென்ஷன் ரப்பர் ஒன்று இலவம்பஞ்சு மாதிரி ஊதிப்போய், 90 டொலர் கொடுத்து மாற்றினேன். பிழை என்னுடையது. மணமும் லேசான ஆட்டுமணம்தான், ஆட்டுப்பட்டி பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மகளுக்குத் தெரிந்தது. இரண்டு கிழமை பஸ்ஸில் போனாள்.

ஐயாவின் முறையில் கழித்த எஞ்சின் ஒயிலைப் பூசலாமே என்று ஊரிலிருந்து வந்த மச்சான் கேட்டார். வேண்டாம். எஞ்சினில் எரிந்த அமிலமும் உலோகத் தூளும் அதில் கலந்திருக்கும். அதோடு இங்கே அது வாசல் வடிகாலால் நேரே ஏரிக்குப் போகும். ஐயாவுக்கு வேறு ஒன்றும் கிடைக்காத காலம் அது.

பெரிய கம்பனிகளுக்கே இது விளையாட்டுச் சாமான் இல்லை. டொயோட்டாவின் டகோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் அடிச்சட்டங்கள் (ஃபிரேம்) கறளில் உக்கி, 2016 இல் அமெரிக்காவில் பதினைந்து லட்சம் வாகனங்களுக்கு 340 கோடி டொலர் வரையில் செலவாகக்கூடிய ஒரு சமரசத்துக்கு வரவேண்டி வந்தது. என் காரும் அதே வீட்டுப் பிள்ளைதான். பெயரை நம்பி யாரும் சும்மா இருக்க வேண்டாம்.

கணக்குப் பார்த்தேன். பதின்மூன்று தரம் ஸ்பிறே, ஏறக்குறைய 1,950 டொலர். ஆட்டுக்கொழுப்பு ஒரு 350. மொத்தம் 2,300. இந்தப் பதின்மூன்று வருஷத்தில் கார்க் கடன் என்று ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. நாலு வருஷம் லீஸ் எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறவர் 185 டொலரை வேறு எதற்காவது செலவழிக்கட்டும். ரொக்கரில் ஏற்கனவே ஓட்டை விழுந்த காருக்கும் வேண்டாம். அந்தக் கடைக்காரரே பணம் வாங்காமல் திருப்பி அனுப்புவார், நான் கண்டிருக்கிறேன். கார் உங்களுடையது, வயது மூன்றிலிருந்து பத்துக்குள், இன்னும் பத்து வருஷம் ஓட்ட ஆசை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கடை தேடுகிறபோது மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு நேரம் எடுக்கும்? பிளாஸ்ரிக் மறைப்பைக் கழற்றுவீர்களா? நான் நின்று பார்க்கலாமா? முதற் கேள்விக்கு இருபது நிமிஷம் என்று பதில் வந்தால் மற்ற இரண்டையும் கேட்கத் தேவையில்லை. நாள் வெயிலாக இருக்கட்டும், சூட்டில்தான் ஒயில் நன்றாக ஊரும். செப்ரெம்பர் கடைசி நல்லது. நவம்பரில் எல்லாரும் ஒரேயடியாக வந்து நிற்பார்கள், அவசரத்தில் குழாய் வேகமாக இழுபடும்.

கடைக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்தப் பிரேக் பைப்புக்காக. அடித்தவருக்கு எட்டாத இடம்தான், ஆனாலும் அந்தச் சிவப்பு விளக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. வருகிற 27 ஆம் திகதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரம் எடுத்திருக்கிறேன். கிழவருக்கு முழங்கால் சரியில்லையாம், இந்த முறை மகன்தான் அடிப்பான் என்றார் தொலைபேசியில். நின்று பார்க்கப் போகிறேன்.